பூட்டிய வீட்டில் ஓடும் மீட்டர்: எஸ்பி செயலியின் அரைமணி வரைபடம் எவ்வளவு உதவும்?

வாடகை வீடு இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தும் கரண்ட் பில் குறையவில்லையா? யாரோ மின்சாரத்தைத் திருடுகிறார்களோ என்று சந்தேகமா? முதலில் சிங்கப்பூரில் மின்சார பில் அனுப்பும் எஸ்பி குழுமத்தின் செயலியைத் திறந்து பாருங்கள். நவீன மின்மீட்டர் உள்ள வீடுகளுக்கு அரைமணிக்கு அரைமணி எவ்வளவு மின்சாரம் போனது என்று அதில் தெரியும். காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய மீட்டருக்கு இந்த வசதி கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள், நடுவில் வருவது உத்தேசக் கணக்கு. உத்தேச பில்லை வைத்துப் பக்கத்து வீட்டார்மேல் பழி போடுவது பெரிய தவறு.

ஆளில்லாத வீட்டில் ஃபிரிட்ஜும் ரவுட்டரும் மட்டும் ஓடினால், அரைமணிக்குச் சுமார் 0.03 யூனிட்தான். கோடு தரையோடு கிடக்கும். ஃபிரிட்ஜ் பனியைக் கரைக்கும்போது லேசாக எழும்பும். அணைக்க மறந்த வாட்டர் ஹீட்டர் டாங்கி அவ்வப்போது கூர்மையாக எகிறும். இவை திருட்டு அல்ல. ஆனால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 0.3, 0.4 என்று மேடு கட்டி நின்றால், அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய ஏர்கான்.

குறை என்னவென்றால், எப்போது போகிறது என்று காட்டும் வரைபடம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டாது. கணக்கும் உடனுக்குடன் வராது. எந்த வழி என்று கண்டுபிடிக்க மெயின் சுவிட்ச்தான் துணை. முதலில் மீட்டரில் உள்ள அடையாள எண்ணும் பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மீட்டர் மாறியிருப்பதும் உண்டு. பிறகு ஃபிரிட்ஜைக் காலி செய்து, ஓர் இரவு முழுக்க மெயினை அணைத்து வையுங்கள். அந்த நேரம் வரைபடம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே கொக்கி விழுந்திருக்கலாம். பூஜ்யம்தான் என்றால் கசிவு வீட்டு ஒயரிங்கில்: எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, இரவுக்கு ஒரு சர்க்கியூட்டாகப் போட்டுப் பாருங்கள். தடுப்பு வைத்துப் பிரித்த தரைவீடுகளிலும் கடைவீடுகளிலும் வெளிச்சுவர் பிளக், கேட் விளக்கு லைன் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

தண்ணீருக்குப் பழைய முறையே போதும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, படுக்கும் முன்னும் விடிந்ததும் மீட்டரைக் குறியுங்கள். எண் நகர்ந்திருந்தால் முதலில் கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் உணவுச் சாயம் விடுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால் திருடன் அந்தத் தொட்டிதான். வெளியே நடைவழியில் உள்ள உங்கள் குழாயில் யாராவது நிமிடத்துக்கு 10 லிட்டர் பிடித்தால் மணிக்கு 600 லிட்டர். கன மீட்டருக்கு 3.24 வெள்ளி வீதம், ஜிஎஸ்டி சேர்க்காமலே கிட்டத்தட்ட 2 வெள்ளி. பூட்டுள்ள குழாய் மாட்டிவிடுங்கள்.

திருட்டு ஒயரை நீங்களே வெட்டாதீர்கள், மீட்டர் சீலைத் தொடாதீர்கள். 230 வோல்ட் உயிரைக் குடிக்கும், சாட்சியமும் போய்விடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, அவர் கண்டதை எழுதி வாங்கி, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எஸ்பியிடமும் போலிசிலும் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் அசையாவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம் என்றால், 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் கேட்கலாம்.