ஸ்னோமொபைலுக்கு சோரல் கரிபு பூட்ஸ்: கால் நனையாமல் இருக்குமா?

கனடாவில் 1962-இல் தொடங்கிய சோரல் பிராண்டின் கரிபு பூட்ஸுக்குப் பலமே அதன் இரட்டை அமைப்பு. அடிப்பாகம் தையலே இல்லாத ரப்பர், மேலே தண்ணீர் புகாத தோல், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய 9 மி.மீ. ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) உறை. மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்கிறது நிறுவனம் (செல்சியஸா, பாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அங்கே இரண்டும் ஒன்றுதான்). அந்தக் கணக்கு நடப்பவருக்கு. ஸ்னோமொபைலில், அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியில், அசையாமல் உட்கார்ந்திருந்தால் குளிர் சீக்கிரமே ஏறும்.

கால் நனைவது பெரும்பாலும் வெளித் தண்ணீரால் அல்ல, வியர்வையால். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். இரவில் ஃபெல்ட் உறையைக் கட்டாயம் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும், ஆனால் அடுப்பருகே வேண்டாம்: ஃபெல்ட் சுருங்கும், தோல் வெடிக்கும். நாள் முழுக்க ஓட்டுபவர்கள் மாற்று உறை ஒரு ஜோடி எடுத்துச் செல்வது நல்லது.

குறை? கயிறு கட்டும் முன்பக்கம். பனி அங்கே ஒட்டி, இன்ஜின் சூட்டில் உருகித் தோலில் ஊறும். பனி பேன்ட்டின் கால் முனையில் உள்பக்கமாக இருக்கும் எலாஸ்டிக் மடிப்பைப் பூட்ஸுக்கு மேல் இழுத்துவிட்டால் ஆழமான பனியும் உள்ளே விழாது. உறைந்த ஏரியில் பனிக்கு அடியில் தேங்கிய நீரைக் கடப்பவர்களுக்கு இது போதாது. முழங்கால்வரை உயர்ந்த முழு ரப்பர் பூட்ஸே சரி.