நேரடி வாக்கா, பிரதிநிதிகள் வாக்கா: விரிவுரையாளர்–நூலகர் சங்கத்துக்குப் பொருந்தும் தேர்தல் முறை எது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் பணியாற்றும் விரிவுரையாளர்களையும் நூலகர்களையும் யூசி-ஏஎஃப்டி என்ற ஒரே சங்கம் பிரதிநிதித்துவம் செய்கிறது. விரிவுரையாளர்கள் 6,000 பேருக்கு மேல். நூலகர்களோ சில நூறு பேர்தான். இரு பிரிவினரும் நிர்வாகத்துடன் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள், இரு பிரிவினரின் கவலைகளும் வேறு வேறு. 2018–19ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் நூலகர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் முதன்மையானது, கல்விச் சுதந்திரம் தங்களுக்கும் உண்டு என்பதை எழுத்தில் பெறுவது. விரிவுரையாளர்கள், 2021 நவம்பர் 17 அன்று வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது எட்டிய உடன்பாட்டில், மறுநியமனத்துக்கான உரிமையைப் பெரிதாகக் கருதினார்கள். எண்ணிக்கையில் பெரிய பிரிவுக்கு வேலை நிலையற்றது. வேலை ஓரளவு நிலைத்த பிரிவு எண்ணிக்கையில் சிறியது. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இத்தகைய சங்கத்தின் தேர்தல் முறைகளை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் போட்டி, உறுப்பினர்கள் அனைவரும் நேரடியாக வாக்களிப்பதற்கும், கிளைகள் அனுப்பும் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடித் தலைவரைத் தேர்வதற்கும் இடையிலானது. அமெரிக்காவில் தொழிற்சங்கங்களின் உள் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தும் 1959ஆம் ஆண்டின் லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. உள்ளூர்ச் சங்கங்கள் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரகசிய வாக்கெடுப்பில் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேசியச் சங்கங்களோ, இரகசிய வாக்கெடுப்பில் தேர்வான பிரதிநிதிகளைக் கொண்டு மாநாட்டிலேயே தலைவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கான உச்சக் கெடு 5 ஆண்டுகள். அரசு ஊழியர்கள் மட்டுமே உள்ள சங்கங்களுக்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்றாலும், விதிகள் வகுப்போருக்கு அது நல்ல அளவுகோல்.

மாநாட்டு முறைக்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. யூசி-ஏஎஃப்டியின் தாய்ச்சங்கமான அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பே 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில்தான் தலைவரைத் தேர்கிறது. ராண்டி வைன்கார்டன் 2008இல் அப்படித்தான் பொறுப்புக்கு வந்தார். இதன் பலம் வெளிப்படையானது. வாக்களிப்பவர் வேட்பாளரின் செயல்பாட்டை நெருங்கி அறிந்தவர். தீர்மானங்களையும் நிதிநிலை அறிக்கையையும் படித்துவிட்டு வந்தவர். பலவீனமும் அதிலிருந்தே பிறக்கிறது. மாநாட்டுக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஒரு வட்டமாகிவிட்டால், அந்த வட்டமே தன்னை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தில் ஒரே அணி 70 ஆண்டுகளுக்கு மேல் தலைமையை விட்டுக்கொடுக்காமல் இருந்தது இதனால்தான். முன்னாள் தலைவர்கள் இருவர் ஊழல் வழக்கில் சிறைத் தண்டனை பெற்ற பிறகு, 2021இல் உறுப்பினர்களிடையே நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் நேரடித் தேர்தலை விரும்பினார்கள். பெயரில் வாகனத் தொழிலாளர் இருந்தாலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவப் பணியாளர்களும் அச்சங்கத்தின் உறுப்பினர்களே. ஆகவே இது பல்கலைக்கழகத்துக்கு அயலான கதையன்று.

நேரடித் தேர்தல் வந்ததும் எல்லாம் சீராகிவிட்டதா என்றால், இல்லை. 2023 மார்ச்சில் ஷான் ஃபெய்ன் அச்சங்கத்தின் தலைவரானது 483 வாக்கு வேறுபாட்டில். வாக்களித்தவர்களோ தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். பிரிட்டனில் விரிவுரையாளர்களோடு நூலகர்களும் சேரும் யூசியூ சங்கத்தின் பொதுச் செயலாளரை நேரடி வாக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம். அங்கும் 2019இல் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே வாக்களித்தார். 2024இல் அந்த விகிதம் 15 விழுக்காட்டளவுக்கு இறங்கியது, பொதுச் செயலாளர் ஜோ கிரேடி 182 வாக்கு வேறுபாட்டில் மீண்டும் வென்றார். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பாத தேர்தலில் வென்றவர், நிர்வாகத்தின் முன் அமரும்போது எவ்வளவு வலிமையோடு பேச முடியும் என்ற கேள்வி நியாயமானது.

இருந்தும் விரிவுரையாளர்–நூலகர் சங்கத்துக்கு நான் நேரடி வாக்கின் பக்கமே நிற்கிறேன். காரணம் மேலே சொன்ன முரண். ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பு என்று நியமனம் பெற்று, இரண்டு நிறுவனங்களுக்கிடையே அலைந்து பாடம் நடத்தும் விரிவுரையாளரால் இரண்டு நாள் மாநாட்டுக்கு எளிதில் வர முடியாது. அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஓராண்டுப் பிரதிநிதிப் பொறுப்பை ஏற்கவும் தயங்குவார். ஆகவே பிரதிநிதிகள் அவை, காகிதத்தில் எப்படி வகுக்கப்பட்டாலும், நடைமுறையில் பணி நிலைத்தவர்களின் அவையாகச் சாய்ந்துவிடும். நேரடி வாக்கில் அந்த விரிவுரையாளரிடம் கேட்கப்படுவது பத்து நிமிடம் மட்டுமே.

ஆனால் நேரடி வாக்கை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் சாய்வு மறுபக்கம் விழும். நூலகர்கள் ஒரு இடத்தையும் வெல்ல மாட்டார்கள். இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, செயற்குழுவில் நூலகர்களுக்கென இடம் ஒதுக்கி, அதற்கு நூலகர்களே வாக்களிப்பது. மற்றொன்று, சுழற்சி முறை. யூசியூவில் துணைத் தலைவர் ஓராண்டு உயர்கல்விப் பிரிவிலிருந்தும் அடுத்த ஆண்டு, பல்கலைக்கழகம் அல்லாத, பள்ளிக்குப் பிந்தைய கல்லூரிகளின் பிரிவிலிருந்தும் தேர்வாகி, பின்னர் படிப்படியாகத் தலைவராகிறார். இரண்டு பெரிய பிரிவுகள் ஓரளவு நிகராக நிற்கும் இடத்தில் இது அழகான ஏற்பாடு. 6,000 பேரும் சில நூறு பேரும் உள்ள இடத்தில் மாற்றி மாற்றித் தலைமை தருவதைப் பெரும்பான்மையினர் நெடுநாள் பொறுக்க மாட்டார்கள்.

மூன்றாவது, முன்னுரிமை வாக்கு முறை: வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவார், ஒதுக்கீடின்றியே சிறுபான்மைக்கு அதன் அளவுக்கேற்ற இடம் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தேர்தலில் விரிவுரையாளர் 1,200 பேரும் நூலகர் 200 பேரும் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். செயற்குழுவில் 5 இடங்கள் என்றால், ஒரு இடத்தை உறுதியாகப் பெறத் தேவையான வாக்கு, மொத்த வாக்கான 1,400ஐ இடங்களைவிட ஒன்று கூடுதலான 6ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு 1 கூட்டுவது, அதாவது 234. நூலகர்கள் அனைவரும் ஒன்றுபட்டாலும் எட்டாது. இடங்களை 7ஆக உயர்த்தினால் தேவை 176 ஆகக் குறைகிறது. இப்போது ஒரு நூலகர் உறுதியாக வெல்வார். விரிவுரையாளர்களின் வாக்குப்பதிவு இரட்டிப்பானால் அந்த இடமும் உறுதியில்லை! அதாவது, சங்கத்தில் ஆர்வம் பெருகப் பெருக நூலகர் தோற்கும் வாய்ப்பும் பெருகும். ஆகவே முன்னுரிமை முறை ஒதுக்கீட்டுக்கு மாற்றாகாது. பொது இடங்களுக்கு முன்னுரிமை வாக்கும், நூலகர்களுக்குத் தனியாக ஒன்றிரண்டு இடங்களும் என இரண்டையும் சேர்த்து வைப்பதே பொருந்தும்.

முன்னுரிமை முறைக்கு வேறொரு பயனும் உண்டு. ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களைக் குறிக்கும் வழக்கமான முறையில், 51 விழுக்காடு ஆதரவுள்ள அணி ஐந்து இடங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும்; மீதி 49 விழுக்காட்டினரின் குரல் செயற்குழுவில் கேட்கவே கேட்காது. அணியாகப் போட்டியிடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பொதுவான செயல்திட்டத்தோடு வரும் அணி, தனித்தனியாக நல்ல பெயர் மட்டும் கொண்டு வருபவர்களைவிட வாக்காளருக்குத் தெளிவான தேர்வைத் தருகிறது. (பல கிளைகளில் உண்மையான எதிரணி நிரப்பப்படாத வேட்புமனுத் தாள்தான் என்பது வேறு விஷயம்.)

அஞ்சல் வாக்கா, இணைய வாக்கா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. வீடு மாறிக்கொண்டிருப்பவர்களுக்கு அஞ்சல் முறை பொருந்தாது. இணைய முறையில் வாக்கின் இரகசியமும் வேட்பாளர்களின் முகவர்கள் கண்காணிக்கும் வாய்ப்பும் ஐயத்துக்குரியவை. இரண்டில் எதை ஏற்றாலும், பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியை நம்பி வாக்காளர் பட்டியல் தயாரிப்பது கூடாது. நியமனம் முடிந்தவுடன் அந்த முகவரி முடங்கிப்போகலாம், அப்படி முடங்கியவர்தான் சங்கத்தின் உதவி மிகவும் தேவைப்படுபவர்.

இதிலிருந்து, விதிகளை எழுதும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு கேள்விக்கு வருகிறோம். பதவிக்காலத்தின் நடுவே தலைவருக்கே மறுநியமனம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? உறுப்பினர் தகுதி அன்றோடு முடியும் என்று விதி இருந்தால், சங்கத்தின் தலைமையை மாற்றும் வாய்ப்பு ஒரு துறைத் தலைவரின் கையில் போய்ச் சேரும். இரண்டு நியமனங்களுக்கு இடைப்பட்ட ஓராண்டு வரையிலும், மறுநியமன மறுப்பு குறித்த முறையீடு முடியும் வரையிலும் உறுப்பினர் தகுதி தொடரும் என்ற விதி இதைத் தடுக்கும். அப்படியும் இடம் காலியானால், செயற்குழுவே ஒருவரை நியமிப்பதைவிட, முன்னுரிமை வாக்குச்சீட்டுகளை, வெளியேறியவரின் பெயரை நீக்கிவிட்டு மீண்டும் எண்ணுவது மேல். அதற்கு அந்தச் சீட்டுகள் பதவிக்காலம் முடியும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் அவற்றை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. இங்கே மூன்றாண்டுகள் வைத்திருப்பது நல்லது.