ஃபேட்டி லிவர்: வயிற்று ஸ்கேனா, ஃபைப்ரோஸ்கேனா, எம்ஆர்ஐயா?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று பார்த்ததும் ஒருவர் அரண்டு போகிறார், இன்னொருவர் "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று மடித்து வைத்துவிடுகிறார். இரண்டு பேருமே அந்த வரி சொல்லாத ஒன்றை அதில் படிக்கிறார்கள். கிரேடு என்பது கொழுப்பின் அளவு. கல்லீரலின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ அந்தக் கொழுப்பு உண்டாக்கும் தழும்பு. அதற்கு எஃப்0 (தழும்பே இல்லை) முதல் எஃப்4 (மிக முற்றிய தழும்பு) வரை தனிக் கணக்கு. கிரேடு 2 இருப்பதால் எஃப்2 என்று ஆகிவிடாது.

சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் கொழுப்பேறிய கல்லீரல், பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். மலிவு, எந்த ஊரிலும் உண்டு, பித்தப்பைக் கல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் கொழுப்பு ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல நேரம் தப்பிவிடும். தழும்பு விஷயத்தில் இன்னும் மோசம். கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாகி, மண்ணீரல் வீங்கிய பிறகுதான் இதில் தெளிவாகத் தெரியும். அதை ஆரம்பக் கட்டம் என்று சொல்ல முடியாது.

ஃபைப்ரோஸ்கேன் படமே எடுப்பதில்லை. வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்வு இறுகிய திசுவில் வேகமாக ஓடும், மென்மையான திசுவில் மெதுவாக. தேங்காயைத் தட்டி முற்றலா என்று பார்க்கிற கதைதான். பத்துத் தட்டல்களின் இடைநிலை எண்ணைக் கிலோபாஸ்கலில் (இறுக்கத்தை அளக்கும் அலகு) தருவார்கள். ஃபேட்டி லிவர்காரருக்கு 8-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதே கருவி கொழுப்பையும் தோராயமாகச் சொல்லும்.

ஒன்று கவனிக்கவும்: குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, எண் பொய்யாக ஏறும். மஞ்சள் காமாலை வந்திருக்கும்போதும், இதயச் செயலிழப்பிலும் அப்படித்தான். ஒரே ஒரு பெரிய எண்ணைப் பார்த்து சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை) என்று முடிவு கட்ட வேண்டாம்.

எம்ஆர்ஐதான் மூன்றிலும் துல்லியம். 5 சதவீதக் கொழுப்பைக்கூடப் பிடிக்கும். மார்பின் வலப்பக்கம் ஒரு தட்டையான அதிர்வுப் பலகையைக் கட்டி எடுக்கும் எலாஸ்டோகிராஃபி, கல்லீரலின் பெரும்பகுதி இறுக்கத்தை வரைபடமாகவே காட்டும். அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட முறை இது. மருந்து ஆய்வுகளுக்குப் பொருத்தம். ஆனால் செலவும் அதிகம், அந்த வசதி எல்லா எம்ஆர்ஐ மையத்திலும் கிடையாது. உடல் பருமனால் ஃபைப்ரோஸ்கேன் சரியாக எடுக்க முடியாதவருக்கும், மற்ற சோதனைகள் ஒன்றோடொன்று முரண்படும்போதும் தவிர, முதல் அடியிலேயே இதற்குப் போவது வீண் என்பது என் கருத்து. சிடி ஸ்கேன் இதற்காக மட்டும் வேண்டவே வேண்டாம், கதிர்வீச்சுதான் மிச்சம்.

சரி, எதில் தொடங்குவது? ஸ்கேன் அறைக்கு வெளியே, உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே ஒரு வழி இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். அதற்கு ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் என்சைம் அளவுகளும் பிளேட்லெட் எண்ணிக்கையும் வேண்டும். வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. நம் லேப்களில் பிளேட்லெட்டை லட்சத்தில் எழுதுவார்கள், இங்கே ஆயிரக் கணக்கில் போட வேண்டும்: 2.5 லட்சம் என்றால் 250. வயது 45, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49 என்றால் 1,800-ஐ 1,750-ஆல் வகுக்க 1.03 வரும். 1.3-க்குக் கீழே இருப்பதால் இப்போதைக்கு ஃபைப்ரோஸ்கேன் தேவையில்லை. மேலே போனால் டாக்டரிடம் கேட்டு எடுக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எல்லை 2. முப்பத்தைந்துக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

சர்க்கரை நோய் இருந்தால், அல்ட்ராசவுண்டில் 'நார்மல்' என்று வந்திருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.