டெய்லர் ஸ்விஃப்ட்: நெடுநாள் கேட்டவளின் அனுபவப் பகிர்வு

"இந்தப் பாட்டு யாரைப் பத்தி?"

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பாட்டு ஓடுகிற இடத்தில் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். மெட்டு பிடித்ததா, வரி எப்படி என்பதெல்லாம் அப்புறம். எந்தக் காதலன், எப்போது பிரிந்தார்கள், அடுத்தது யார்? 2008-ல் 'ஃபியர்லெஸ்' ஆல்பம் வந்த காலத்திலிருந்து அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசையிலிருந்து பாப்புக்குப் போனார், 2020-ல் கிட்டாரும் பியானோவுமாகக் குரலைத் தாழ்த்திப் பாடினார், மறுபடி பாப்புக்கே திரும்பினார். இசை இத்தனை முறை மாறியும் அந்தக் கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை எழுத வைத்தது ஒரு தோழி. தன் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு உரிமையைத் திரும்ப வாங்கிவிட்டதாக 2025 மே 30 அன்று டெய்லர் அறிவித்தார் அல்லவா, "அப்போ இனிமே பழசைக் கேக்கறதா, 'டெய்லர்ஸ் வெர்ஷன்' கேக்கறதா? நீதான் ரொம்ப நாளா கேக்கறவ, சொல்லு" என்றாள். 2019-ல் அந்த உரிமை வேறொருவர் கைக்குப் போனதும், அதனால் அவர் 2021 முதல் 2023 வரை நாலு ஆல்பங்களை 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்ற பெயரில் மறுபதிவு செய்து வெளியிட்டதும், ரசிகர்கள் பழைய பதிவைத் தொடாமல் ஒதுக்கி வைத்ததும் தெரிந்த கதைதான். நேராகப் பதிலுக்கு வருகிறேன். 'ரெட்' என்றால் புதியது; பத்து நிமிட 'ஆல் டூ வெல்' ஒன்றுக்காகவே. '1989' என்றால் என் காதுக்குப் பழையதுதான். அந்தத் தாளக்கட்டின் துல்லியம் மறுபதிவில் கொஞ்சம் மங்கிவிட்டது. 'ஃபியர்லெஸ்' எதுவானாலும் சரி. 'ரெப்யூட்டேஷன்' ஆல்பத்தின் மறுபதிவில் கால்பங்கைக்கூட முடிக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் அதில் தேர்வுக்கு இடமில்லை.

'ஸ்பீக் நவ்' பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2010-ல் வந்தபோது அதன் பாடல்களைத் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகவே எழுதினார். காரணம் பிடிவாதம். இருபது வயதுப் பெண் இப்படி எழுதியிருக்க முடியாது, கூட இருக்கிற ஆண்கள்தான் எழுதித் தருகிறார்கள் என்று அப்போது வெளிப்படையாகவே பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு முழு ஆல்பமே பதில். அதே ஆல்பத்தில் இன்னொரு பெண்ணைப் படுக்கையைச் சொல்லி இழிவுபடுத்துகிற ஒரு வரி இருந்தது. 2023 மறுபதிவில் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வரி போட்டார். பழைய வரிதான் உண்மையான கோபம், அதை மாற்றக்கூடாது என்று சண்டைக்கு வந்த ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்த மாற்றம் பிடித்தது. தன்னைப் பற்றி ஊர் எந்த வாயால் பேசியதோ அதே வாயால் தானும் ஒருத்தியைப் பேசியிருக்கிறோம் என்று உணர்ந்தவரின் மாற்றமாகத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

சரி, என்னை விடாமல் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய பாட்டைப் பாட்டாகக் கேட்க விடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் காவல்நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி படிக்கிறார்கள். பாட்டில் வருகிற வீடு எது, தேதி எது, சால்வை யாருடையது. முன்னாள் காதலியைப் பற்றி ஆண்கள் எழுதிய பாட்டு உலகத்தில் எத்தனை ஆயிரம் இருக்கும்! எட் ஷீரன் எழுதுகிறார், புரூனோ மார்ஸ் எழுதுகிறார், அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை என்று 2014-லேயே டெய்லர் ஒரு பேட்டியில் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு முன்னேற்றமும் இல்லை.

இதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பழைய சிடிக்களோடு வந்த பாடல் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். வரிகள் முழுக்கச் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஒரு பெரிய எழுத்து. அந்தப் பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாகப் பொறுக்கினால் ஒரு ரகசியக் குறிப்பு கிடைக்கும். முதல் ஆல்பத்திலிருந்து '1989' வரை இந்த விளையாட்டு நடந்தது. பேனாவும் கையுமாக உட்கார்ந்து அந்த எழுத்துகளை வட்டமிட்டதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமில்லை. ஆனால் பாட்டுக்குள் ஆள் ஒளிந்திருக்கிறார், தேடு என்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பழக்கியது அந்தப் புத்தகங்கள்தான். பிறகு தேடுகிறவர்களைக் குறை சொன்னால் எப்படி?

இருந்தாலும் என் கோபம் தணியவில்லை. ஏனென்றால் அவர் அந்த விளையாட்டை நிறுத்திக் கதை சொல்லத் தொடங்கிய பிறகும் இவர்கள் நிறுத்தவில்லை. 2020 ஜூலையில் வந்த 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் ஒரு பையனையும் இரண்டு பெண்களையும் சுற்றி வருகின்றன. மூவரும் கற்பனை என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியும் அந்தப் பையன் நிஜத்தில் யார் என்று ஆராய்ச்சி.

நான் சற்றும் எதிர்பாராத சந்தோஷம் கிடைத்ததும் அந்த ஆல்பத்தில்தான். 'தி லாஸ்ட் கிரேட் அமெரிக்கன் டைனஸ்டி' என்று ஒரு பாட்டு. முதல் முறை கேட்டபோது எங்கோ படித்த ஒரு பணக்காரப் பெண்ணின் கதை என்றுதான் நினைத்தேன். ரெபெக்கா ஹார்க்னெஸ் என்ற அந்தப் பெண் நிஜமாக வாழ்ந்தவர். செயின்ட் லூயிஸில் பிறந்து, ஸ்டாண்டர்ட் ஆயில் சொத்துக்கு வாரிசான ஒருவரை மணந்து, ரோட் ஐலண்டில் கடலோரமாக ஒரு பெரிய வீட்டுக்குக் குடிவருகிறார். கணவர் இறந்ததும் ஊர் வாய் திறக்கிறது. விருந்து வைத்தால் குற்றம், பாலே நடனத்துக்குப் பணம் கொடுத்தால் ஊதாரித்தனம், எல்லாவற்றையும் கெடுத்தவள் அவள்தான். டெய்லர் இதை எந்தப் பரிதாபமும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் வம்பு பேசுகிற தொனியிலேயே பாடுகிறார். கடைசியில் ஒரு வரியில் வீடு ஐம்பது வருடம் சும்மா கிடந்தது என்கிறார். அடுத்த வரியில் அந்த வீட்டை வாங்கியது நான் என்கிறார். அதுவரை 'அவள்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'நான்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2013-ல் அந்த வீட்டை நிஜமாகவே அவர்தான் வாங்கினார். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசுவதை இவ்வளவு லேசாக, இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பாப் பாட்டை நான் வேறு கேட்டதில்லை. மேடை விளக்கும் பளபள உடையும் இல்லாமல் இதைச் செய்தார் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

ஊர்ப்பேச்சு அவரை எந்த அளவுக்குப் படுத்தியது என்பதற்கு 2016 ஜூலை ஒன்று போதும். ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் பாட்டில் டெய்லரை இழிவாகச் சொன்ன விவகாரத்தில், அதற்கு அவர் சம்மதித்தது போலக் காட்டும் தொலைபேசி உரையாடலின் துண்டுகள் வெளியானதும் சமூக ஊடகத்தில் அவர் பெயருக்குக் கீழே பாம்புப் படமாகக் குவிந்தது. பொய்க்காரி என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் அவர் வெளியே தலைகாட்டவில்லை. 2020 மார்ச்சில் இன்னும் நீளமான பதிவு கசிந்தது; தன்னை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பது அதில் தெரிந்தது. பாம்புப் படம் போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள்?

அதே இடைவெளியில், 2017 ஆகஸ்டில், டென்வர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2013-ல் புகைப்படம் எடுக்கும்போது பாவாடைக்குள் கைவிட்டுத் தொட்டதாக ஒரு வானொலித் தொகுப்பாளர் மீது புகார். வேலை போனதற்கு நஷ்டஈடு கேட்டு முதலில் வழக்குப் போட்டவர் அந்தத் தொகுப்பாளர்தான். டெய்லர் எதிர்வழக்கில் கேட்டது ஒரே ஒரு டாலர். படத்தில் உங்கள் பாவாடையின் முன்பக்கம் கலையவில்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது, என் பின்புறம் பின்னால்தானே இருக்கிறது என்று பதில் சொன்னார். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய புகழைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். காதலர் பட்டியலைச் சொல்கிற பலருக்கு இது தெரிவதே இல்லை.

2022-ல் இன்னொன்று. 'ஆன்டி-ஹீரோ' வீடியோவில் அவர் எடை பார்க்கும் கருவியில் ஏறுவார். எண்ணுக்குப் பதில் 'குண்டு' என்று காட்டும். தன் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்ட காலத்தை அவர் 2020-லேயே சொல்லியிருந்தார். அந்தப் பயத்தைத்தான் அந்தக் காட்சி காட்டியது. அது பருமனானவர்களை அவமதிக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது, காட்சி வெட்டப்பட்டது. எதிர்த்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தனக்கிருந்த பயத்தைச் சொல்லக்கூட ஊரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

குறையே இல்லாதவரா என்றால் இல்லை. தனி விமானப் பயணத்தால் ஆகும் மாசு பற்றிய கேள்வி நியாயமானது; அந்தப் பயணங்களைப் பொதுத் தகவலிலிருந்து தொகுத்த ஒரு மாணவருக்கு வக்கீல் கடிதம் போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஆல்பத்தை அட்டை மாற்றி, ஓரிரு பதிவுகளைச் சேர்த்துப் பல வகையாக விற்பதும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்த்து வைத்த காசு அது. இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் ரசிகர் கூட்டம் மேலே பாய்கிறது. ரசிகர்கள் என்ற பெயரில் விமர்சகர்களின் வீட்டு முகவரியைத் தேடுகிறவர்களோடு என்னையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பது எனக்கு மானக்கேடாக இருக்கிறது.

ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை நாலு முறை வாங்கிய முதல் கலைஞர். 149 காட்சிகள் நடந்த 'ஈராஸ் டூர்' இசைப் பயணத்தில் 200 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் விற்றது. இதெல்லாம் அவருக்குத் தகும். பாட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை, அதில் கை நடுங்கவில்லை. ஆனால் புதிதாக ரசிகையாகட்டுமா என்று யாராவது இப்போது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 'ஃபோக்லோர்' கேளுங்கள், 'ரெட்' கேளுங்கள், பின்தொடராதீர்கள். 2025 ஆகஸ்டில் நிச்சயதார்த்தச் செய்தி வந்தது, அக்டோபர் 3 அன்று 'தி லைஃப் ஆஃப் எ ஷோகர்ல்' வந்தது. முதல் பாட்டை நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள், 12 பாட்டில் எது வருங்காலக் கணவருக்கு, எது பழைய காதலனுக்கு, எது எந்தப் பாடகிக்குப் பதிலடி என்ற பட்டியல் நாலு பேரிடமிருந்து கைபேசிக்கு வந்துவிட்டது. அந்தப் பட்டியல் இல்லாமல் அந்த ஆல்பத்தைக் கேட்க எனக்கு இன்னும் முடியவில்லை.