31 பிள்ளைகள், 7 குழுக்கள், ஒரு லிப்ரெஆபிஸ் பேஸ் கோப்பு: மூன்று வருட அனுபவம்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். எல்லையோரம் என்பதால் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தியோடும் வங்காளத்தோடும் வந்து சேர்கிறார்கள். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எழுத்துக்கூட்டத் திணறும் இவர்களை நாலைந்து பேராகப் பிரித்து, வாரம் இரண்டு பாடவேளை தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இப்போது 31 பேர், 7 குழுக்கள், 3 ஆசிரியர்கள். இடம் இரண்டு: நூலகம், அப்புறம் மாடி வராந்தாவின் கடைசி.

ஆரம்பத்தில் எக்செல்லில் வண்ணம் அடித்தே ஓட்டினேன். ஒருநாள் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் நூலக வாசலில் வந்து நின்றன. அந்த வாரமே தரவுத்தள மென்பொருளான லிப்ரெஆபிஸ் பேஸுக்கு மாறிவிட்டேன். இலவசம், நூலகக் கணினியில் ஏற்கெனவே கிடந்தது, காரணம் அவ்வளவுதான். அது ஓடத் தேவையான ஜாவா என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது, அதற்கே ஒரு சனிக்கிழமை போயிற்று.

மாணவர், குழு, ஆசிரியர், இடம், அமர்வு என்று அட்டவணைகள் போடுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. நான் கோட்டைவிட்டது மாணவரையும் குழுவையும் இணைத்த இடத்தில். மாணவர் அட்டவணையிலேயே 'குழு எண்' என்று ஒரு பத்தி வைத்தேன். பிள்ளை தேறி அடுத்த குழுவுக்குப் போனால் எண்ணை மாற்றுவேன். ஆகஸ்டில் தலைமையாசிரியை, "ஜூன்ல இந்தப் பிள்ளை எந்தக் குழுவுல இருந்துச்சு சார்?" என்று கேட்டபோது முழித்தேன். பழைய எண்தான் அழிந்துவிட்டதே! இப்போது இரண்டுக்கும் நடுவில் தனி அட்டவணை இருக்கிறது: மாணவர், குழு, எந்தத் தேதியிலிருந்து, எதுவரை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். அடையாள எண்ணாக எமிஸ் எண்ணை (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) வைத்ததும் தப்புதான். கேரளத்திலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளை, எண் வரும் முன்பே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். தானாக ஏறும் எண்ணே போதும், எமிஸ் எண்ணுக்குத் தனிப் பத்தி வைத்தால் சரி.

நேர மோதலைத் தடுக்க, தேதி, பாடவேளை, இடம் மூன்றும் சேர்ந்து மறுபடி வராதபடி ஒரு தனித்துவக் குறியீடு (unique index) போட்டேன். ஆசிரியருக்கும் அதேபோல் ஒன்று. நூலக வாசல் கூட்டம் அதோடு நின்றது. ஆனால் ஒரே பிள்ளை இரண்டு குழுவில் இருந்தால் இதில் அகப்படாது. அதற்குத் தனி வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, query) எழுதி, திங்கள் காலை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல், உள்ளூர் விடுமுறை. 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த நாளான நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா. விட்ட நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கு எந்தக் கிழமையின் கால அட்டவணை? கொடை செவ்வாயில் வருவதால் செவ்வாய் அட்டவணை. தேதியிலிருந்து கிழமையைக் கணக்கிடும் என் வினவல் அன்று வெறும் தாளைக் கக்கியது. இப்போது 'நாட்காட்டி' என்ற அட்டவணையில் ஒவ்வொரு தேதிக்கும் 'பின்பற்றும் கிழமை' என்று ஒரு பத்தி இருக்கிறது. மழை விடுமுறையையும் அங்கேயே குறித்துவிடலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இது சின்ன வசதி இல்லை.

இந்தத் தரவுத்தளம் உண்மையில் எதற்கு உதவியது என்றால், கால அட்டவணை போட அல்ல, என் தப்பைக் காட்ட. கணக்கு டீச்சர் ஒருநாள் வழிமறித்தார்: "சாரே, எனக்க பீரியடுலதான் பிள்ளியள கொண்டு போறியளே, வேற பீரியடே கிடைக்கல்லியா?" அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து ஆறு வாரக் கணக்கை எடுத்தேன். ஒரு குழுவின் 12 அமர்வுகளில் 9 கணக்குப் பாடவேளையில்! தமிழுக்காகக் கணக்கைத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள் ஐந்து பேர். அன்று முதல் ஒவ்வொரு வாரமும் குழுவின் நேரம் ஒரு பாடவேளை தள்ளிப்போகும். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை எத்தனை முறை இழந்தது என்ற பட்டியலை மாதம் ஒருமுறை ஆசிரியர் அறையில் ஒட்டுகிறேன். விளையாட்டுப் பாடவேளையில் மட்டும் கைவைப்பதில்லை. வைத்தால் அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

குறைகளும் உண்டு. ஒரே கோப்புக்குள் அடங்கிய தரவுத்தளம் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும், செல்பேசியில் பார்க்க வழியில்லை. திங்களன்று அச்செடுத்துக் கொடுத்து, வருகையைத் தாளில் வாங்கி வெள்ளியன்று ஏற்றுகிறேன். படிவத்தில் பதிவைச் சேமித்தால் போதாது, கோப்பையும் சேமிக்க வேண்டும். இது தெரியாமல், மின்சாரம் போன ஒரு மதியத்தில் இரண்டு வார வருகையை இழந்தேன். தமிழ்த் தேடலும் படுத்தும். 'கௌசல்யா' என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடு அடித்திருப்பார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் 'ள'வுமாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு ஆள். பெயரை அடிக்கவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்த பிறகுதான் நிம்மதி.

வரும் ஜூனில் இந்தப் பொறுப்பு வேறொரு டீச்சருக்குப் போகிறது. அவருக்காக வினவல்களின் பெயர்களையெல்லாம் உட்கார்ந்து மாற்றினேன். 'புதிது2_சரியானது' என்ற ஒன்று என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கே அரைமணி நேரம் ஆயிற்று. 'புதிது3' இன்னும் பாக்கி.