செங்கலடியில் வெயில், நுவரெலியாவில் குளிர்: கொம்பனிச் சூட்டுக் கிறிப்பா, வெளியில் வாங்கிப் பூட்டுவதா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு மோட்டார் சைக்கிளுக்குச் சூடேறும் கிறிப், அதாவது மின்சாரத்தில் சூடாகும் ஹாண்டில் பிடி, பூட்டப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். சித்திரை வெயிலில் கல்லடிப் பாலத்தடியில் அரை மணித்தியாலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஹாண்டிலைப் பிடித்தால், வயரும் பற்றரியும் இல்லாமலேயே உள்ளங்கை பொசுங்குகிறது. இதற்கு மேல் என்ன சூடு வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைத் தொட்டுக்கொண்டுதான் பேராதனைக்கு இறங்குகிறது. கடல் மட்டத்தில் மெல்லிய சேர்ட்டோடு புறப்பட்டவர், வீதியை மாற்றாமலேயே, தை மாத விடியலில் புல்லின் மேல் உறைபனி படியக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

தொழில் நிமித்தம் மாதத்தில் ஒரு தடவையேனும் அந்தப் பக்கம் போய்வருபவன் என்பதால் இந்தக் குளிரை எனக்குத் தெரியும். ஒருமுறை ஹக்கலையைத் தாண்டும்போது கிளச்சைப் பிடிக்க வேண்டிய விரல்கள் சொல்வழி கேட்காமல் போய், கியரை மாற்றாமலே வளைவை எடுத்தேன். தேநீர்க் கடையில் இறங்கிய பின் ஹெல்மெட் பட்டியைக் கழற்றக் கடைக்காரத் தம்பிதான் உதவினார். பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் சூட்டுக் கிறிப் என்பது வசதிக்கான சாமான் மட்டும் அல்ல என்று விளங்கியது. விரல் விறைத்தவனுக்குப் பிரேக் பிடிக்கும் நேரம் நீள்கிறது, அவ்வளவுதான் விடயம்.

தெரிவுகள் இரண்டு. வண்டியைச் செய்த கொம்பனியே பூட்டித் தருவது அல்லது தன் பெயரில் விற்பது ஒன்று. ஒக்ஸ்போர்ட், கோசோ போன்ற துணைச்சாமான் கொம்பனிகள் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது மற்றையது. நம் வீதிகளில் ஓடும் 100 முதல் 160 சிசி வரையான வண்டிகளுக்குக் கொம்பனிச் சூட்டுக் கிறிப் என்று ஒன்றும் வருவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது ஹொண்டா கோல்ட் விங், பிஎம்டபிள்யூவின் ஜிஎஸ் வரிசை போன்ற பெரிய வண்டிகளோடு வருவது. அப்படியானால் ஒப்பிடுவதில் என்ன பயன் என்று கேட்கலாம். வெளிச் சாமான் வாங்குபவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும், கராஜில் எதைக் கேட்டுச் செய்விக்க வேண்டும் என்பதைக் கொம்பனிச் சாமானைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பதே பயன். இலண்டனில் ஆண்டு முழுவதும் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் என் மச்சானின் வண்டியில் இருப்பது கொம்பனிக் கிறிப். என் வண்டியில் இருப்பது அவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இரண்டையும் பிடித்து ஓடிய அனுபவத்தில் சொல்கிறேன்: சூட்டின் அளவில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மின்சாரக் கணக்கில் இருக்கிறது. கொம்பனிக் கிறிப்பில் அந்தக் கணக்கை வேறொருவர் முன்கூட்டியே பார்த்து முடித்துவிட்டார். வெளிச் சாமானில் அதை நாமே பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பேர்பெற்ற வெளிச் சாமான் ஒன்று முழுச் சூட்டில் ஏறக்குறைய 4 அம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 48 வாட். நம்மிடம் இருக்கும் பெரும்பாலான 150 சிசி வண்டிகளின் ஹெட்லைற் பல்ப்பே 35 வாட்தான். ஆக, கிறிப்பைப் போடுவது என்பது ஒன்றுக்கு மேற்பட்ட ஹெட்லைற்றைப் புதிதாகப் பூட்டி, இருட்டும் பனிமூட்டமும் உள்ள வீதியில் எல்லாவற்றையும் ஒன்றாக எரிப்பதற்குச் சமம். பெரிய வண்டியின் மின்பிறப்பாக்கி இதைப் பொருட்படுத்தாது. சிறிய வண்டியோ, மலையில் முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து, சந்தியில் ஐட்லிங்கில் நிற்கும்போது, தான் உற்பத்தி செய்வதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கும். குறையைப் பற்றரி கொடுக்கும். 5 அம்பியர்-மணி பற்றரி ஒன்று, எஞ்சின் நின்ற நிலையில் 4 அம்பியர் இழுக்கப்பட்டால், ஏட்டுக் கணக்கில் ஒன்றேகால் மணித்தியாலம் தாங்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் வலு அதற்கு வெகு முன்பே போய்விடும்.

நான் முதலில் பூட்டியது, மச்சான் கொண்டுவந்தது அல்ல. பெயரில்லாத மலிவான ஒன்று. பூட்டிக் கொடுத்த கராஜில் சாவியோடு சேர்ந்து மின்னைத் திறந்து மூடும் ரிலே வைக்காமல் நேரே பற்றரியிலிருந்து வயரை இழுத்து, ஹாண்டிலில் ஒரு சின்னச் சுவிட்சை ஒட்டிவிட்டார்கள். பதுளையில் இரவு தங்கியபோது சுவிட்சை அணைக்க மறந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் நியூட்ரல் லைற் கூட மினுங்கவில்லை. கிறிப்பும் சாவு வீட்டுச் சாம்பல்போலக் குளிர்ந்து கிடந்தது. கார்புரேற்றர் வண்டி என்பதால் சரிவில் தள்ளிவிட்டு இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு எழுப்ப முடிந்தது. எரிபொருள் பம்ப் உள்ள புதிய இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்திருந்தால் தள்ளியும் பயன் இருந்திருக்காது. பம்ப் ஓடுவதற்கே பற்றரி வேண்டும்.

கொம்பனிக் கிறிப்பில் இந்தக் கதை நடக்க வாய்ப்புக் குறைவு. பல வண்டிகளில் அது எஞ்சின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். மின்னழுத்தம் விழுந்தால் வண்டியின் கணினியே சூட்டைக் குறைக்கும் அல்லது அணைக்கும். வெளிச் சாமான்களிலும் நல்லவற்றில் இதற்கு ஈடான ஏற்பாடு உண்டு. ஒக்ஸ்போர்ட் கிறிப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி பற்றரியின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கினால் தானே அணைந்துவிடும். சூட்டையும் ஐந்து நிலையில் மாற்றலாம். இந்த நிலைகள் நம் சிறிய வண்டிகளுக்கு மிக முக்கியம், ஏனென்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்துச் சூட்டைக் குறைக்கும் முறை என்பதால், 30 சதவீத நிலையில் இழுவையும் ஏறக்குறைய அதே விகிதத்தில், அதாவது 15 வாட் அளவுக்கு, இறங்கிவிடுகிறது. நுவரெலியாக் குளிருக்கு முதல் பத்து நிமிடம் முழுச் சூட்டில் வைத்துவிட்டுப் பிறகு இந்த நிலைக்கு இறக்கினால் எனக்குப் போதுமாக இருக்கிறது. மலிவான சாமான்களில் சிலவற்றில் குறைந்த சூடு என்பது இரண்டு கிறிப்பையும் தொடராக இணைப்பதுதான். அப்போது மொத்தச் சூடு நாலில் ஒன்றாகிவிடுவதோடு, ஒரு பக்கத்து வயர் அறுந்தால் மறுபக்கமும் சேர்ந்து செத்துவிடும்.

எதைப் பூட்டினாலும் பூட்டிய பின் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஹெட்லைற்றைப் போட்டு, கிறிப்பை முழுச் சூட்டில் வைத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, பற்றரி முனைகளில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுகிற வேகத்துக்கு எஞ்சினை முறுக்கியபோது 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கவலையில்லை. 13க்குக் கீழே நின்றால், நீங்கள் பற்றரியிடம் கடன் வாங்கி ஓடுகிறீர்கள்.

அடுத்தது அக்சிலேற்றர் பக்கம். கொம்பனிக் கிறிப்பில் சூட்டுக் கம்பியும் அக்சிலேற்றர்க் குழாயும் ஒரே சாமானாக வருவதுண்டு. அளவும் வயர் போகும் வழியும் தொழிற்சாலையில் தீர்மானிக்கப்பட்டவை. வெளிச் சாமானைப் போடும்போது பழைய கிறிப்பை வெட்டி எடுத்து, குழாயின் மேல் உள்ள மேடுகளை அரம் போட்டுத் தேய்த்து, புதியதை ஒட்டுப் பசையால் ஒட்ட வேண்டும். பசை சில நொடிகளில் இறுகிவிடும். வயர் வெளிவரும் பக்கம் அதற்குள் சரியான கோணத்தில் வந்துவிட வேண்டும், வராவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். வலது கைக் கிறிப்பின் வயர் ஒவ்வொரு முறுக்கலுக்கும் வளைவதால் அறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அறுவதைவிட ஆபத்தானது, கிறிப்பின் விளிம்பு சுவிட்ச் பெட்டியோடோ ஹாண்டில் முனைப் பாரத்தோடோ உராய்ந்து, விட்டவுடன் அக்சிலேற்றர் திரும்பாமல் நிற்பது. இறக்கத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஹாண்டிலை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடினாலோ, முறுக்கி விட்ட கிறிப் தானாகச் சட்டென்று திரும்பாவிட்டாலோ அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.

இரு கையும் ஒரேபோலச் சூடாகாதது பலரும் முறையிடும் விடயம். வலது கிறிப்பின் உள்ளே பிளாஸ்ரிக் குழாய் இருக்கிறது, இடது கிறிப் நேரே உலோக ஹாண்டிலின் மேல் உட்காருகிறது. உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போவதால் கிளச் கை எப்போதும் ஒரு படி குளிர்ந்தே இருக்கும். இதற்காகவே இடப்பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் வாட் கொடுக்கும் தயாரிப்புகள் உண்டு. கொம்பனிச் சாமானில் இதை எதிர்பார்க்கலாம். மலிவான வெளிச் சாமானில் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர் யோசிக்க வேண்டிய, ஆனால் குளிர் நாட்டுக்காரர் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இலண்டன் மச்சான் ஆறு மாதம் சூட்டைப் போடுகிறார். நான் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நாள் போடுகிறேன். மிச்ச நாள் முழுவதும் அந்தக் கிறிப்பைச் சூடில்லாமல், வியர்வைக் கையோடு, காத்தான்குடி நெரிசலில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். சூட்டுக் கிறிப் சாதாரணக் கிறிப்பைவிடத் தடிப்பானது, இறப்பரும் கடினமானது. சிறிய கை உள்ளவருக்குக் கிளச் லீவர் எட்டுவது ஒரு விரற்கடை தூரமாகிவிடும்; ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும் கூடுதலாகக் கைக்கு ஏறும். கொம்பனிக் கிறிப்புகள் இந்த விடயத்தில் மெலிந்தவை, பிடிப்பு நல்லது. விலைக்கு ஏற்ற சாமான் என்று நான் மனமார ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான். பழைய கிறிப்பை மாற்றாமல் அதன் உள்ளே ஒட்டும் மெல்லிய சூட்டுத் தாள்களும் விற்பனைக்கு உண்டு. அவற்றைப் போட்டால் கைக்குப் பழகிய பிடி பெரிதாக மாறாது என்பதால், ஆண்டில் ஓரிரு முறை மட்டும் மலையேறுபவருக்கு அதையே சொல்வேன்.

உப்புக் காற்று இன்னொரு எதிரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வண்டி நிற்கும் ஊரில், முறுக்கி ரேப் சுற்றிய வயர் இணைப்பு ஒரு மாரியைத் தாண்டுவதே கடினம். என் மலிவான கிறிப்பின் இணைப்பை அடுத்த வைகாசியில் பிரித்தபோது, செம்பு இழைகள் பாசி பிடித்ததுபோல் பச்சையாகி, விரலால் தொட்டவுடன் பொடியாய் உதிர்ந்தன. கொம்பனி இணைப்புகளில் இறப்பர் அடைப்பு இருப்பதால் தண்ணீர் ஏறாது. வெளிச் சாமான் வாங்குபவர் இணைப்பை ஈயம் வைத்து ஒட்டி, சூடாக்கினால் சுருங்கும் உறையைப் போட்டு, கவ்வியில் கிறீஸ் பூசச் சொல்ல வேண்டும். கராஜில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் செய்யத் தெரியாமல் இல்லை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் ரேப்தான். அதோடு சாவி போட்டால் மட்டும் மின் வரும்படி ரிலே ஒன்றும், பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் ஒன்றும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பூட்டித் தருகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கிறிப் வாங்கும் காசில் ஒரு பங்கை முதலில் கைக்காப்புக்குச் செலவழியுங்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிப் சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பதோ விரல்களின் புறத்தில். லீவருக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்ரிக் கைக்காப்பு அந்தக் காற்றை மறித்துவிட்டால் குறைந்த சூடே போதும், மின்சாரமும் மிச்சம். உள்ளங்கைப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு கிறிப் சுடவில்லை என்று குறைப்படுவதிலும் அர்த்தமில்லை. உள்ளங்கைப் பக்கம் மெல்லியதும் புறங்கைப் பக்கம் தடித்ததுமான கையுறைதான் இதற்குப் பொருந்தும்.

பெரிய வண்டி புதிதாய் வாங்குபவர் கொம்பனிக் கிறிப்பை வண்டியோடேயே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு பூட்டினால் சாமானோடு வண்டியின் கணினியில் அதைப் பதியவும் வேண்டிவரலாம், உத்தரவாதப் பேச்சும் எழும். நம்மைப்போல 150 சிசியில் ஏறுபவருக்குத் தானே அணையும் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வெளிச் சாமான்தான் என் தெரிவு. பெட்டியில்லாத மலிவானதைப் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். என் வண்டியில் இப்போது இருப்பது தானே அணையும் பெட்டி உள்ளதுதான், கூடவே ஒரு சோடிக் கைக்காப்பு. கையுறைப் பையில் இருக்கும் மல்ரிமீற்றரைக் கண்டு, கடந்த மார்கழியில் அதே தேநீர்க் கடைத் தம்பி, நான் மின்சார சபையில் வேலையா என்று கேட்டார்.