ஃபெண்டர் ஜப்பான் ஜாஸ் பேஸ்: பழையதை வாங்குமுன் நெக்கைப் பாருங்கள்

பழைய பேஸ் கிட்டார் தேடிச் சிங்கப்பூரில் இறங்கினால், அடிக்கடி எதிர்ப்படுவது ஜப்பானில் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதிலும் 1962ஆம் ஆண்டு மாடலைப் பின்பற்றிய ஜேபி62. நேரே சொல்லிவிடலாம்: நெக், அதாவது தந்திகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்து, நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கக்கூடிய பேஸ் இது. தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் நட் 38 மில்லிமீட்டர் அகலம், மெலிந்த நெக், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு. கல்யாண மேடையிலும் தீபாவளி நிகழ்ச்சியிலும் தபேலா, டோலக், கீபோர்டு எல்லாம் சேர்ந்து முழங்கும்போது, பிரிட்ஜ் (தந்திகள் உடலில் ஊன்றும் இடம்) பக்கப் பிக்கப்பைக் கொஞ்சம் ஏற்றினாலே பேஸின் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். டோலக்கின் அடி ஓசையோடு மோதாமல் கீழே அமர வேண்டுமென்றால் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்தி போட்டு நெக் பக்க முன் பிக்கப்பை மட்டும் திறந்தால் போதும்.

ஒரு குறை உண்டு. நான்கு தந்தி, கடைசி சுரம் ஈ. பாடகருக்காகச் சுருதி இறக்கும் குழுக்களில் டி, டி ஷார்ப் அடிக்கடி வரும். அவற்றை மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கலாம், ஆனால் பாட்டின் கனம் போய்விடும். வாரந்தோறும் அப்படி வாசிப்பவர் ஐந்து தந்தி பேஸையே தேடுவது நல்லது.

விலை விஷயத்தில்தான் சந்தை தடம் புரள்கிறது. விற்பவரும் வாங்குபவரும் ஆண்டையும் தொழிற்சாலையையும் வைத்தே பேரம் பேசுகிறார்கள். ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியது. முதலில் ஃபூஜிஜென் தொழிற்சாலை செய்தது, பின்னர் 1997 வாக்கில் வேலை வேறு தொழிற்சாலைகளுக்கு மாறியது. அதனால் ‘மேட் இன் ஜப்பான்’ என்றால் உயர்த்தி, ‘கிராஃப்டட் இன் ஜப்பான்’ என்றால் தாழ்த்தி என்று ஒரு கணக்கு ஓடுகிறது. இரண்டு வகையிலும் அருமையான பேஸ்கள் உண்டு, இரண்டிலும் வீணானவை உண்டு. முப்பது வருடம் ஈரக்காற்றில் கிடந்த மரத்துக்குத் தொழிற்சாலைப் பெயர் காவல் நிற்காது.

ஆண்டைச் சரிபார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘ஏ’ எழுத்தும் ஆறு எண்களும் கொண்ட சீரியல் 1985–86ஐயும் குறிக்கும், 1997–98ஐயும் குறிக்கும். எழுத்துகள் திரும்ப வந்துவிட்டன. பக்கத்தில் ‘மேட்’ என்று இருக்கிறதா ‘கிராஃப்டட்’ என்று இருக்கிறதா என்பதுதான் பிரித்துக் காட்டும். பல பேஸ்களில் இந்த வரி நெக்கின் பின்பக்கம், உடலோடு சேருமிடத்துக்கு அருகில் இருக்கும். விளம்பரப் படத்தில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சீரியல் சொல்வது நெக்கின் வயதை மட்டும். உடல் வேறு பேஸிலிருந்து வந்ததாக இருக்கலாம். மாடல் பெயரில் வரும் பின்னொட்டு அந்தக் கால விலையைக் காட்டும்: ஜேபி62-75 என்றால் ஜப்பானில் 75,000 யென், ஜேபி62-115 என்றால் 115,000 யென். மலிவான வரிசைகளில் உடல் பெரும்பாலும் பேஸ்வுட் மரம், உயர்ந்தவற்றில் ஆல்டர்.

இனி நெக். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பிதான் ட்ரஸ் ராட். இந்த மாடலில் அதைத் திருகும் நட், நெக்கின் அடிப்பக்கத்தில், உடலுக்குள் ஒளிந்திருக்கிறது. தலைப்பக்கம் சாவி போட்டுத் திருகும் இன்றைய பேஸ்போல எட்டாது. தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளையும் கழற்றி, நெக்கை வெளியே எடுத்தால்தான் கைக்கு வரும். புளோக்குக்குக் கீழே நின்று பத்து நிமிடத்தில் விற்க வந்தவர் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே திறக்காமலே ராடின் நிலையைக் கணிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை, முந்தின நாளே விற்பவரிடம் பேஸை ஈ-ஏ-டி-ஜி சுருதியில் வைத்திருக்கச் சொல்வது. தந்தி தளர்ந்து கிடந்த நெக்கை அளந்து பயனில்லை. 45–105 கன அளவுத் தந்தி இருந்தால் அளவு நம்பகமானது; அதைவிட மெல்லியது போட்டிருந்தால், பலவீனமான ராடை மறைக்கப் போட்டதாக இருக்கலாம்.

நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்தியை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) குறுக்கே 7.25 அங்குல ஆரத்தில் வளைந்த இந்த நெக்குக்கு 0.35 மில்லிமீட்டர் சரியான இடைவெளி. 0.5 வரை கவலை வேண்டாம், ராடைக் கால் சுற்று முறுக்கினால் சரியாகலாம். 0.8ஐத் தாண்டினால், “நெக்கைக் கழற்றிக் காட்டினால்தான் வாங்குவேன்” என்று சொல்லிவிடுங்கள். இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டோடு ஒட்டினால், ராடை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அல்லது நெக் பின்னோக்கி வளைந்திருக்கிறது. முதலாவது தீர்க்கக்கூடியது. இரண்டாவதில், ராடை முழுதும் தளர்த்திய பிறகும் வளைவு போகாது. அந்தப் பேஸை விட்டுவிடுங்கள்.

அடுத்து 17ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம்: ஈ பக்கம் 2.8, ஜி பக்கம் 2.4 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் கொடுக்கும் தொடக்க அளவு. இதை அளக்கும்போதே பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டுகளான சேடில்களையும் பாருங்கள். சேடில்கள் அடிவரை இறங்கியும் தந்தி உயரமாகவே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நெக் கோணம் தவறியிருந்தால், உடலில் நெக் அமரும் பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தகடு வைத்தால் தீரும். மோசமானது இன்னொன்று: நெக்கின் கடைசிப் பகுதி, 15ஆவது ஃப்ரெட்டிலிருந்து, மேலே எழும்பி நிற்பது. இதை நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலை ஃப்ரெட்கள்மேல் வைத்தால் கண்டுபிடிக்கலாம். ராடைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ராட் அந்த இடத்தை வளைப்பதில்லை. ஃப்ரெட்களைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஆனால் இந்த மாடலின் பழைய பாணி ஃப்ரெட்கள் இயல்பாகவே குட்டை, மெலிவு. ஏற்கெனவே ஒருமுறை தேய்த்திருந்தால் இன்னொரு முறைக்கு உலோகம் மிஞ்சாது; ஃப்ரெட் முழுவதையும் மாற்றும் செலவில் போய் நிற்கும்.

ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்துப் பாருங்கள், அவசரப்படாமல். முதல் நான்கு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் நெக்கில் வளைவு போதவில்லை. 12க்கு மேல் மட்டும் இரைந்தால் சொன்ன எழுச்சி இருக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைந்தால் அதற்கு அடுத்தது தூக்கி நிற்கிறது, சிறிய வேலை. ஜி தந்தியின் 5 முதல் 7 வரை ஏதோ ஒரு சுரம் சீக்கிரம் அடங்கிவிடுவது ஃபெண்டர் வகை நெக் பலவற்றுக்கும் உள்ள இயல்பு. அதைக் காட்டி விலை குறைக்கக் கேட்பது நியாயமில்லை.

நெக்கைக் கழற்ற ஒப்புக்கொண்டால் மூன்று விஷயம் பாருங்கள். ட்ரஸ் ராட் நட்டின் கூட்டல்குறிப் பள்ளம் மழுங்கியிருக்கிறதா? நட் மரத்துக்குள் அழுந்திப் புதைந்திருக்கிறதா? அப்படியென்றால் திருகு முடிவுக்கு வந்துவிட்டது. நட்டை இரண்டு பக்கமும் திருகினாலும் எதிர்ப்பே இல்லாமல் சுழல்கிறதா? அப்படியென்றால் மரை போயிருக்கிறது அல்லது ராட் உடைந்திருக்கிறது. ஃபிங்கர்போர்டைப் பிரித்துச் செய்யும் வேலை பேஸின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். கழற்றும்போது ஜப்பானிய ஜேஐஎஸ் முனை ஸ்க்ரூடிரைவர் பயன்படுத்துங்கள். சாதாரண பிலிப்ஸ் முனை நழுவித் தலையை அரித்துவிடும். நெக்கின் அடியிலுள்ள திருகாணி ஓட்டைகள் பெரிதாகியிருக்கலாம். திருகாணி இறுகாமல் சுற்றினால் ஓட்டையில் கெட்டிமரக் குச்சியை மரப்பசை வைத்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி துளையிட வேண்டும். பெல்ட் மாட்டும் குமிழுக்கும் இதே வைத்தியம்.

மின்பகுதிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சிம் லிம் டவரில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் மீட்டரை வையுங்கள். ஒரு வால்யூமை முழுதாகத் திறந்து மற்றதை மூடினால் சுமார் 7 கிலோ ஓம் காட்ட வேண்டும். மாற்றிச் செய்தாலும் அதே அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். 100 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் அந்தப் பிக்கப்பின் கம்பி அறுந்திருக்கிறது. ஒலியைக் கேட்க, ஹெட்ஃபோனோடு சேரும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற பேட்டரிக் கருவி கொண்டுபோனால் எம்ஆர்டி நிலையத்திலும் சோதிக்கலாம். ஒரு பிக்கப் மட்டும் திறந்திருக்கும்போது இரைவது இயல்பு. இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் வெகுவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் பிக்கப் ஒன்று பொருந்தாததாக மாற்றப்பட்டிருக்கலாம். தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் கம்பி விட்டிருக்கிறது. வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும்.

இந்த ஊரின் பாதிப்பு வேறு இடத்தில் தெரியும். காற்றின் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக வீட்டின் பாம்ப் ஷெல்டரில் பையோடு பூட்டி வைத்த பேஸில் சேடில் உயரத் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். எட்டுச் சிறு திருகுகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். அசையாததை ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்துத் திருப்ப வேண்டும். வலுவந்தமாகத் திருப்பினால் சாவிப் பள்ளம் உருண்டுபோகும். பைக்குள் பூஞ்சை நாற்றம் அடித்தால் அந்தப் பேஸ் நெடுநாள் காற்று காணவில்லை என்று பொருள். நெக்கை இரண்டு முறை அளங்கள்.

எங்கே வாங்குவது? கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார்க் கடைகளுக்குப் பேர்போன இடம், சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்தில் உள்ள பெனின்சுலா பிளாசா வேறு கட்டடம், அது பர்மியக் கடைகளின் இடம். முதல்முறை போகிறவர்கள் அங்கே நுழைந்து தேடுவார்கள். கடையில் விலை கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலுக்கு இரண்டு பலன். ஆம்ப்ளிஃபையரில் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் லா’ சட்டம், கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழுதுபார்ப்போ மாற்றோ கேட்கலாம். பொருளின் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும், வாங்கும்போதே சொல்லப்பட்ட குறை இதில் சேராது. கரோசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ராட் பற்றி ஐயம் இருக்கும் பேஸைக் கடையில் வாங்குங்கள்; நீங்களே அளந்து தெளிந்த பேஸைக் கரோசெல்லில் மலிவாக வாங்குங்கள். பேஸைக் கையில் எடுக்கும் முன் பேநவ் வழியாக முன்பணம் அனுப்ப வேண்டாம்.

ஜப்பானிலிருந்து நேரே வரவழைப்பது மூன்றாவது வழி. இசைக்கருவிக்குச் சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் சரக்கு நிறுவனம் அதை வசூலித்த பிறகே கொடுக்கும். வாங்காவிட்டாலும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஜப்பான் கடை விலை, அனுப்பும் செலவு, இரண்டின்மேலும் வரி. உள்ளூரில் கேட்கும் விலை இந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விற்பவரிடம் கணக்கைக் காட்டிப் பேசலாம். கூடவே ஆம்ப்ளிஃபையரையும் அங்கிருந்து வாங்க ஆசைப்பட வேண்டாம். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. வந்து சேர்ந்த பேஸை உடனே செட்டப்புக்கு (நெக், தந்தி உயரம் சரிசெய்யும் வேலைக்கு) கொடுக்காமல் இரண்டு வாரம் வீட்டுக் காற்றில், சுருதி சேர்த்த நிலையில் வையுங்கள். நெக் அசைந்து அடங்கிய பிறகு செய்த செட்டப்தான் நிற்கும்.

விற்பவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். புதுத் தந்தி போட்டு, நெக்கைக் கழற்றி, ட்ரஸ் ராட் நட்டைப் படமெடுத்து, எட்டாவது ஃப்ரெட் இடைவெளியை எண்ணாகவே எழுதிப் போடுங்கள். எடையையும் எழுதுங்கள்: 4 கிலோவுக்குக் கீழே என்றால் மூன்று மணி நேர நிகழ்ச்சி வாசிப்பவர் தேடி வருவார், 4.5ஐத் தாண்டினால் அதை மறைத்து என்ன பயன், தூக்கியதும் தெரிந்துவிடும். மாற்றிய பிக்கப்பின் அசல் கையில் இருந்தால் அதை மறுபடி மாட்டிவிட்டு, மாற்றுப் பிக்கப்பைத் தனியாக விற்றால் இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதல் தொகை வரும். முதல் ஐந்து ஃப்ரெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தால், நேரில் வந்து தேய்மானத்தைக் காட்டி விலையை இறக்கும் பேச்சுக்கு இடமிருக்காது.